ஆள்களப் பெயரும் உடைமையுரிமையும்: வலப்பனையிலிருந்து சில குறிப்புகள்

வலப்பனைப் பிரதேசத்துத் தோட்டமொன்றிலே இளைஞர் சிலரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து சில ஆண்டுகளாக ஓர் இணையத்தளத்தை நடத்தி வந்தனர். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி எனத் தத்தம் பாட்டிமாரிடம் கேட்டெழுதிய பாடல்களும், காமன் கூத்துப் பற்றிய குறிப்புகளும் சில ஒலிப்பதிவுகளும் அதில் இடம்பெற்றிருந்தன. தளத்துக்குரிய பெயரைப் பதிவு செய்து கொடுத்தவர் கொழும்பிலே தொழில் பார்த்த வடிவமைப்பாளர் ஒருவர். ஆண்டுதோறும் பணத்தை அவரிடமே கொடுத்து வந்தனர். அவர் தொழில் தேடி வெளிநாடு சென்றார், தொடர்பு அறுந்தது. சில மாதங்களின் பின்னர் தளம் இருந்த இடத்திலே விளம்பரங்களும் "இப்பெயர் விற்பனைக்குண்டு" என்ற அறிவித்தலும் மாத்திரமே காணப்பட்டன. பதிவு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்ட கடிதங்களுள் இரண்டை வரைந்து கொடுத்தவன் என்ற முறையில், வந்த பதிலையும் நான் வாசிக்க நேர்ந்தது. உங்கள் பெயர் எமது ஏட்டில் இல்லை என்பதே அதன் சாரம்.

மலையகத்தில் வாழ்வோருக்கு இவ்வாக்கியம் புதியதன்று. நான்கு தலைமுறையாகக் குடியிருந்த லயன் அறைக்கு உறுதி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்து கைமாறி வரும். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாக்கப்பட்டன. 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கொம்பனிகளின் முகாமைத்துவத்திற்குச் சென்றன. இரு மாற்றங்களின்போதும் அறைக்குள் இருந்தவனின் சட்டநிலை மாறவில்லை. அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணி பற்றிய பேச்சும் சில உறுதிப் பத்திரங்களும் வந்துள்ளன என்பது உண்மையே. இருத்தல் வேறு, உடைமை வேறு என்பதை அனுபவத்தால் அறிந்த ஒரு சமூகம், இணையத்திலே தனக்கென ஒரு பெயரைத் தேடும்பொழுது அவ்வேறுபாட்டை மறந்துவிடுதல் வியப்புக்குரியது. பெயருக்குரிய உரிமை எத்தகையது, அதனைத் தரும் பதிவாளரை எவ்வாறு தெரிதல் வேண்டும் என்பவற்றை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணையத்தில் இணைந்துள்ள ஒவ்வொரு கணினிக்கும் எண்ணாலான முகவரி ஒன்று உண்டு. மனிதர் எண்களை நினைவிற் கொள்வது கடினமாகையால், எண்ணுக்குப் பதிலாகப் பெயரைப் பயன்படுத்தும் ஒழுங்கினை 1983 இல் போல் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். இவ்வாறு எண்ணைச் சுட்டி நிற்கும் பெயரே ஆள்களப் பெயர் எனப்படுகின்றது. பெயர் வேறு, தளத்தின் உள்ளடக்கம் தங்கியிருக்கும் இடம் வேறு என்பது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. உள்ளடக்கத்தை வேறொரு கணினிக்கு மாற்றினாலும் பெயரை அதன்பாற் திருப்பிவிடலாம். ஆனால் பெயர் கைநழுவினால், உள்ளடக்கம் முழுமையாகக் கைவசம் இருந்தும் வாசகன் அதனை வந்தடைய முடியாது. மேற்கூறிய தோட்டத்து நண்பர்களுக்கு நேர்ந்தது இதுவே. பாடல்கள் குறிப்பேடுகளில் இருந்தன. அவற்றைத் தேடி வருபவர்களுக்கான வாயில் பிறர் கைக்குப் போயிற்று.

பெயரினை வலமிருந்து இடமாக வாசித்தல் வேண்டும். இறுதியிலுள்ள கொம், ஓர்க், எல்.கே. என்னும் பகுதி ஒரு பெருநிலப்பரப்புப் போன்றது. ஒவ்வொரு பரப்புக்கும் ஒரே ஒரு பதிவகம் உண்டு. எந்தப் பெயர் எவருக்குரியது என்ற மூல ஏட்டை வைத்திருப்பது அதுவே. கொம் என்னும் பரப்பின் ஏடு வெரிசைன் என்னும் அமெரிக்கக் கொம்பனியிடம் உள்ளது. பதிவகத்துக்கும் பொதுமக்களுக்கும் இடையே நின்று பெயர்களை விற்பவர் பதிவாளர். அவருக்குக் கீழே உபமுகவர்களும் உளர். இறுதியில் நிற்பவர் பதிவுதாரர், அதாவது நாம். தோட்டத்து அமைப்பை அறிந்த வாசகருக்குக் கொம்பனி, முகவர் நிறுவனம், கங்காணி என்ற படிவரிசை நினைவுக்கு வருமாயின் அது முற்றிலும் தவறான நினைவன்று. கங்காணியைப் போலவே உபமுகவரும் நம் மொழி பேசுபவர். நமக்காகச் சகலதையும் செய்து தருவதாகச் சொல்பவர். ஏட்டிலே யார் பெயரை எழுதினார் என்பதை நாம் கேட்பதில்லை.

தொடக்கத்திலே பெயர்கள் இலவசமாகவே வழங்கப்பட்டன. இணையம் பல்கலைக்கழகங்களினதும் ஆய்வு நிலையங்களினதும் கருவியாக இருந்த காலம் அது. 1995 இல் நெற்வேர்க் சொலூஷன்ஸ் என்னும் நிறுவனம் இரண்டாண்டுகளுக்கு 100 டொலர் எனக் கட்டணம் விதிக்க அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவகம் அனுமதித்தது. 1998 இல் பெயர்களையும் எண்களையும் மேற்பார்வை செய்யும் ஐகான் என்ற அமைப்பு உருவாக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே போட்டிப் பதிவாளர்கள் அனுமதிக்கப்பட்டனர். போட்டியால் விலை குறைந்தது உண்மை. ஆனால் போட்டி நிகழ்ந்தது பதிவாளர் மட்டத்திலேயே. பதிவகம் ஏகபோகமாகவே நிலைத்தது. கொம் பெயரொன்றுக்காகப் பதிவாளர் வெரிசைனுக்குச் செலுத்தும் ஆண்டுத் தொகை 2024 செப்டம்பரில் 10.26 டொலராக உயர்ந்தது. ஏட்டில் இன்னுமொரு வரியைச் சேர்ப்பதற்கு ஆகும் உழைப்பு மிகச் சொற்பம். எனவே இத்தொகையின் பெரும்பகுதியை உற்பத்திச் செலவுக்கான ஈடு எனக் கூறவியலாது. 'மூலதனம்' மூன்றாம் தொகுதியிலே மார்க்ஸ் நிலவாடகை பற்றிக் கூறியவற்றோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம்: ஒரு பரப்பின்மீது தனியுரிமை இருப்பதே வருமானத்துக்குக் காரணமாகின்றது. ரீ.வி. என முடியும் பெயர்களால் துவாலு என்னும் சின்னஞ்சிறு தீவுநாடு ஈட்டிய பணம், அது 2000 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையிற் சேர்வதற்கு உதவியது. அதன் குறியீடு தொலைக்காட்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கமாக அமைந்தது தற்செயலே. வளமான மண் எவருக்கு வாய்க்கின்றது என்பதைப் போன்றதொரு தற்செயல்.

அவ்வாறாயின் பதிவுதாரருக்குக் கிடைப்பது யாது? அன்றாட வழக்கிலே பெயரை "வாங்கினேன்" என்கிறோம். உண்மையில் நிகழ்வது ஓர் ஒப்பந்தம். ஓராண்டு முதல் பத்தாண்டுகள் வரையான காலத்துக்கு அப்பெயரைத் தனித்துப் பயன்படுத்தும் உரிமை. காலம் முடியுமுன் புதுப்பித்தால் உரிமை தொடரும். நிரந்தரமாக வாங்குதல் என்பது கிடையாது.

இவ்வுரிமை சட்டத்தின் கண்ணிலே சொத்தா, வெறுஞ் சேவை ஒப்பந்தமா என்பதில் நீதிமன்றங்கள் ஒருமித்த கருத்தைக் கொள்ளவில்லை. 2000 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் வேர்ஜினியா மாநில உச்ச நீதிமன்றம், அம்புரோ நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், கடனுக்காகப் பெயரினைப் பற்றுச் செய்ய முடியாது என்றது. அது சேவை ஒப்பந்தத்திலிருந்து பிரிக்க முடியாதது என்பது அதன் நியாயம். மூன்றாண்டுகளின் பின் கிரெமன் எதிர் கோஹன் வழக்கு வந்தது. கிரெமன் 1994 இல் பதிவு செய்திருந்த பெயரை, போலிக் கடிதம் ஒன்றைக் காட்டி கோஹன் தன் வசமாக்கியிருந்தார். கடிதம் மெய்யானதா என்று பதிவு நிறுவனம் கிரெமனிடம் விசாரிக்கவேயில்லை. பெயர் ஒரு சொத்தே என்றும், அதனைப் பிறனுக்குக் கொடுத்த நிறுவனம் பொறுப்புக் கூற வேண்டியதாகலாம் என்றும் ஒன்பதாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2003 இல் தீர்த்தது. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமோ 2007 இல், பெயரைத் தனித்துப் பயன்படுத்தும் உரிமை பொருளாதாரப் பெறுமதி உடையதாகையால் அது உடைமை என்ற பாதுகாப்புக்கு உட்பட்டது என ஏற்றது. எனினும் பிறருடைய வணிகப் பெயரை மீறியது என்ற காரணத்தால் அவ்வழக்கிலே முறைப்பாட்டாளருக்குப் பயன் கிட்டவில்லை. என்னுடைய கருத்தில் இதனை வாரக்குடி உரிமையை ஒத்ததெனக் கொள்வது பொருந்தும். மூன்றாமவன் பறிக்க வந்தால் சட்டம் ஓரளவு துணைநிற்கும். நிலக்காரனுக்கு எதிராக நிற்கும்பொழுது கைக்கொள்ளத்தக்கது ஒப்பந்தப் பத்திரம் ஒன்றே.

தவணை தவறுதல் என்னும் விடயத்தைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியம். பெயர்கள் பெரும்பாலும் திருட்டால் அன்றி மறதியாலும் கவலையீனத்தாலுமே இழக்கப்படுகின்றன. வலப்பனையின் சரித்திரத்திலே இதற்கு ஒரு கசப்பான முன்னிகழ்ச்சி உண்டு. நெல் விளைவின்மீது ஆங்கில ஆட்சியாளர் அறவிட்ட தானிய வரி, 1878 ஆம் ஆண்டின் சட்டத்தின்பின் விளைச்சல் கண்டாலும் காணாவிட்டாலும் பணமாகச் செலுத்தவேண்டிய நிலையான தொகையாக மாறியது. 1880களில், வரிப் பாக்கிக்காக வலப்பனைச் சிங்கள விவசாயிகளின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் அதன் விளைவான வறுமையையும் பட்டினியையும் வெளிப்படுத்தினார். பெருங் கண்டனத்தின் பின்னர் 1892 இல் அவ்வரி ஒழிக்கப்பட்டது. ஒப்புமையை அளவுக்கு மீறி இழுத்தல் தகாது. வயலை இழந்தவன் பட்டினி கிடந்தான். பெயரை இழந்தவர் அவ்வாறல்லர். ஆயினும் நிகழ்முறை ஒன்றே: சிறு தொகை, தவறிய தவணை, ஏலம், புதிய உடைமையாளன்.

கொம், ஓர்க் போன்ற பொதுப் பரப்புகளில் ஏலம் வரையான பாதை பின்வருமாறு அமைகின்றது. காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்னும் ஒரு வாரத்துக்கு முன்னும் பதிவாளர் நினைவூட்டல் அனுப்புதல் வேண்டும். பின்னரும் ஒன்று அனுப்புவார். காலாவதியானபின் 45 நாட்கள் வரை சலுகைக் காலம் இருக்கலாம். இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை, பதிவாளர் அதற்கு முன்னரே நீக்கவும் கூடும். நீக்கியபின் 30 நாட்கள் மீட்புக் காலம். அப்போது மீட்பதற்குச் சாதாரணக் கட்டணத்தைவிடப் பன்மடங்கு கேட்பர். அதன்பின் ஐந்து நாட்கள் கழிந்ததும் பெயர் எவர்க்கும் உரியதாகிவிடும். நடைமுறையிலோ, பெறுமதியுள்ள பெயர்களைப் பதிவாளர்கள் நீக்கும்வரை காத்திராது ஏலத்தில் விட்டுவிடுகின்றனர். நினைவூட்டல் யாருக்குப் போகின்றது என்பதிலேயே யாவும் தங்கியுள்ளன. தோட்டத்து நண்பர்களுக்குரிய நினைவூட்டல் வடிவமைப்பாளர் பயன்படுத்தாது கைவிட்ட ஒரு மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு தவறும் பரவலாக உண்டு: தன் பெயரிலேயே அமைந்த மின்னஞ்சலைத் தொடர்பு முகவரியாகக் கொடுத்தல். பெயர் காலாவதியானால் அம்மின்னஞ்சலும் நின்றுவிடும். வீடு பூட்டப்பட்டதை அறிவிக்கும் கடிதத்தை அதே வீட்டுக்குள் போட்டது போலாகும்.

ஆகவே பதிவாளரைத் தெரியும்பொழுது முதலாண்டு விலையைப் பார்த்து மயங்குதல் கூடாது. முதலாண்டுக்கு மிகக் குறைந்த தொகையும் இரண்டாம் ஆண்டு முதல் அதன் பன்மடங்கும் கேட்பது இத்தொழிலின் வழமை. புதுப்பித்தற் கட்டணமே மெய்யான விலை. ஐகானின் அங்கீகாரம் பெற்ற பதிவாளரா, அவருக்குக் கீழுள்ள உபமுகவரா என்பதைக் கேட்டறிதல் வேண்டும். உபமுகவரிடம் வாங்குவது குற்றமன்று. ஆனால் அவர் மறைந்தால் மேலே எவரிடம் செல்வது என்பது தெரிந்திருத்தல் வேண்டும். பதிவாளரே மறைவதும் உண்டு. 2007 இல் ரெஜிஸ்டர்ஃபிளை என்னும் அமெரிக்கப் பதிவாளர் சீர்குலைந்து, ஐகான் அதன் அங்கீகாரத்தை நீக்கிப் பெயர்களை வேறொரு பதிவாளருக்கு மாற்ற நேர்ந்தது. பதிவாளர் தம் ஏட்டின் பிரதியை மூன்றாம் தரப்பிடம் வைப்பிலிட வேண்டும் என்ற விதி இறுக்கமாக நடைமுறைப்படுத்தப்பட்டது அதன் பின்னரேயாம்.

வெளியேறும் வழியை நுழையும்போதே விசாரித்துக்கொள்ளல் நன்று. ஒரு பதிவாளரிடமிருந்து வேறொருவரிடம் பெயரை எடுத்துச் செல்வதற்கு மாற்றுக் குறியீடு ஒன்று தேவை. கேட்ட ஐந்து நாட்களுக்குள் அதனைத் தருதல் பதிவாளரின் கடமை. புதிதாகப் பதிந்த அல்லது மாற்றப்பட்ட பெயருக்கு 60 நாட்கள் தடை இருக்கலாம் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். கொந்தரப்பு முடிந்தும் பற்றுச்சீட்டைக் கொடாது ஆளைப் பிடித்து வைத்திருந்த காலத்தை நம் பாட்டன்மார் கண்டவர்கள். ஓரிடத்தை விட்டு நீங்க முடிவதே அவ்விடத்தில் நமக்குள்ள உரிமையின் அளவுகோல் என்பதை அவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பதிவுதாரர் என்ற நிரலில் உள்ள பெயர் எது என்பதைத் தாமே சரிபார்த்தல் வேண்டும். முன்னர் இவ்விபரங்கள் யாவரும் காணத்தக்கவாறு இருந்தன. 2018 இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் தனியாட்களின் விபரங்கள் பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன. அந்தரங்கத்துக்கு இது நல்லதே. ஆனால் நம் பெயருக்குப் பதிலாக வடிவமைப்பாளரின் பெயர் எழுதப்பட்டிருப்பின் அதனை வெளியிலிருந்து கண்டறிவதும் இதனாற் கடினமாயிற்று. கணக்கிற்குள் நுழைந்து பார்ப்பதே வழி. கணக்கின் கடவுச்சொல் சங்கத்தாரிடம் இருத்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும். பணம் செலுத்திய பற்றுச்சீட்டு ஒருவரைப் பதிவுதாரர் ஆக்குவதில்லை. சங்கம் பதியப்பட்ட சட்ட அமைப்பாயின் அதன் பெயரிலும், அன்றேல் பொறுப்பானவர் ஒருவர் பெயரில், சங்கத்துக்காக வைத்திருக்கின்றார் என்ற எழுத்தோடும் பதிதல் விரும்பத்தக்கது.

முறையாகப் பதிந்தவரும் வணிகச் சின்னம் உடையோரின் வழக்கை எதிர்கொள்ள நேரலாம். 1999 இல் ஐகான் வகுத்த பிணக்குத் தீர்ப்பு முறையின்படி, பெயர் தம் சின்னத்தை ஒத்தது, பதிவுதாரருக்கு அதில் நியாயமான அக்கறை இல்லை, அது தீய நோக்கோடு பதிந்து பயன்படுத்தப்படுகின்றது என்ற மூன்றையும் முறைப்பாட்டாளர் நிறுவுதல் வேண்டும். உலகப் புலமைச் சொத்து அமைப்பிலே ஒற்றை நடுவர் முன் இதற்கான கட்டணம் 1,500 டொலர். சிறியோர் தொடுக்கும் வழக்கன்று இது. ஊசி நிசான் என்பவர் தம் குடும்பப் பெயரை 1994 இல் கொம் பரப்பிலே பதிந்திருந்தார். நிசான் மோட்டார் கொம்பனி 1999 இல் அவருக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. பல ஆண்டுகள் போராடிப் பெயரை அவர் காத்துக்கொண்டார். ஆனால் வழக்கு அவரது வாழ்வின் பெரும்பகுதியை விழுங்கிற்று.

பரப்பே விலைபோதலும் உண்டு. இலாபநோக்கற்ற அமைப்புகள் விரும்பிப் பதியும் ஓர்க் பரப்பை, எதோஸ் கப்பிட்டல் என்னும் முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டொலருக்கு விற்க இணையச் சங்கம் 2019 நவம்பரில் உடன்பட்டது. அதே ஆண்டின் நடுப்பகுதியிலேதான் அப்பரப்பின் விலை உச்சவரம்பு நீக்கப்பட்டிருந்தது. உலகெங்குமிருந்து எழுந்த எதிர்ப்பின் பின்னர் 2020 ஏப்ரல் 30 ஆம் திகதி ஐகான் இவ்விற்பனைக்கு இணங்க மறுத்தது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மலையகத்து வெளியீடுகளையும் எண்ணிம வடிவிற் பேணி வரும் நூலகம் நிறுவனத்தின் பெயரும் ஓர்க் பரப்பிலேயே உள்ளது. நம்மிற் பலர் அச்செய்தியைக் கேள்விப்படவே இல்லை. நமது நூலகம் நின்ற நிலம் கைமாற இருந்தது.

உள்நாட்டுப் பரப்பு பற்றிச் சில கூறலாம். எல்.கே. பரப்பு 1990 இல் இலங்கைக்கு ஒதுக்கப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிஹான் டயஸின் முயற்சியால் உருவான எல்.கே. ஆள்களப் பதிவகம் அதனை நிருவகிக்கின்றது. இங்கு ரூபாவிற் பணம் செலுத்தலாம் என்பது சிறு நன்மையன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியபோது, வெளிநாட்டுப் பதிவாளரிடம் பெயர் வைத்திருந்த சிறு அமைப்புகள் புதுப்பிக்க இயலாது திண்டாடின. 2010 இல் தமிழ் எழுத்திலேயே 'இலங்கை' என முடியும் பரப்பும் வழங்கப்பட்டது. 'இந்தியா', 'சிங்கப்பூர்' என்பவற்றோடு தமிழ் எழுத்தாலான மேற்பரப்புகள் மூன்று. கொள்கையளவில் இது பெரும் வெற்றி. நடைமுறையிலோ பல படிவங்களும் மின்னஞ்சற் சேவைகளும் தமிழ்ப் பெயரை இன்னும் ஏற்பதில்லை. இரண்டு பெயர்களையும் பதிந்து வைத்தலே தற்போதைக்கு உகந்தது.

உள்நாட்டு ஏடும் அசைக்க முடியாத கோட்டையன்று. 2021 பெப்ரவரி 6 ஆம் திகதி, சுதந்திர தினத்துக்கு இரு நாட்களின் பின், கூகிளின் இலங்கைப் பெயர் உட்பட எல்.கே. பெயர்கள் சில திசைதிருப்பப்பட்டன. அவற்றை நாடிச் சென்றோர் கண்ட பக்கத்திலே ஊடக சுதந்திரம், சிறுபான்மையினர் நிலை முதலியவற்றோடு தேயிலைத் தொழிலின் பிரச்சினையும் எழுதப்பட்டிருந்தது. முறையை நான் ஆதரிக்கவில்லை. ஆயினும், நாட்டின் அதிமுக்கிய முகவரிகளிலே தேயிலைத் தோட்டத்தின் குறை இடம்பெற்றது, பெயர்கள் சில மணிநேரம் உரியவர் கையை விட்டுப்போன வேளையிலேதான் என்பதை மலையக இலக்கிய மாணவன் கவனியாது விடமுடியாது.

வலப்பனை நண்பர்கள் பழைய பெயரை மீட்கவில்லை. விற்பனைக்கு வைத்தவன் கேட்ட தொகை அவர்களால் எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்கவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் பெயரிலே ஐந்தாண்டுகளுக்குப் புதிய பெயரொன்றைப் பதிந்தனர். கடவுச்சொல் மூவரிடம் உள்ளது. படிவத்தை நிரப்புகையில் ஓரிடத்தில் மாத்திரம் வெகுநேரம் தயங்க நேர்ந்தது. பதிவுதாரரின் வீட்டு இலக்கமும் வீதியின் பெயரும் கேட்கப்பட்டிருந்தன. லயத்துக்கு வீதி இல்லை. தோட்ட அலுவலகத்தின் முகவரியை எழுத ஆசிரியர் சம்மதிக்கவில்லை. முடிவில் இராகலை நகரிலே கடை வைத்திருக்கும் அவருடைய மருமகனின் முகவரி எழுதப்பட்டது.